இறந்தவர்கள் ஏன் உருப்படியாக எதையும் சொல்வதில்லை?

தனுஷ்கோடிக்கு ஆவி பிடிக்க வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு, மணலில் ஊர்ந்து போகும் ஜீப்புக்குக் காத்திருக்க வேண்டிய தொல்லை நீங்கிவிட்டது. இருட்டிய பின் அங்கே தங்க அனுமதியில்லை என்று காவலர்கள் விரட்டுவார்கள். ஆனாலும் பொழுது சாயும் நேரத்தில் இடிந்த தேவாலயத்தின் சுவரோரம் நின்று, கையிலிருக்கும் கருவியை நீட்டி, "இங்கே யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் பேசுங்கள்" என்று கேட்டுப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்படியொரு காணொளியைப் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் தங்கை மகன் எனக்கு அனுப்பியிருந்தான். "மாமா, உங்க ஊர்ப் பக்கம்தான். ஹெட்போன் போட்டுக் கேளுங்க" என்று கீழே எழுதியிருந்தான். கேட்டேன். இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் "தண்ணி" என்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குரல், ஏறக்குறைய "வா" என்று கேட்கும்படி எதையோ சொன்னது. 1964 புயலில் ரயிலோடு போனவர்கள் பேசுகிறார்கள் என்று படம் எடுத்த பையன் குரல் நடுங்க அறிவித்தான். பேய் உண்டா இல்லையா என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இருந்ததில்லை, இல்லை என்பதுதான் என் கட்சி. என்னை அரித்தது வேறொன்று. இத்தனை தொலைவு வந்து, இத்தனை பாடுபட்டுப் பேசுகிறவர்கள் ஏன் இவ்வளவு அற்பமாகப் பேசுகிறார்கள்?

அந்தக் கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆவிப் பெட்டி என்று அவர்கள் பெயர் வைத்திருக்கும் அது ஒரு சின்ன வானொலிப் பெட்டிதான். நாம் ஒரு நிலையத்தில் முள்ளை நிறுத்திக் கேட்போம். இது எங்கும் நிற்காமல், நொடிக்குச் சில நிலையங்கள் என்ற வேகத்தில் அலைவரிசை முழுவதையும் வருடிக்கொண்டே போகும். 2002இல் அமெரிக்காவில் ஃபிராங்க் சம்ப்ஷன் என்பவர் செய்த பெட்டிதான் இந்த வகைக்கு முன்னோடி. வருடும்போது பாட்டிலிருந்து அரைச் சொல், விளம்பரத்திலிருந்து கால் சொல், செய்தியிலிருந்து ஒரு உயிரெழுத்து என்று துணுக்குத் துணுக்காக ஒலி விழும். நம் காது பழக்கத்தால் அவற்றை ஒட்டவைத்துச் சொல்லாக்கிவிடும். நிலையங்களே எட்டாத பாலைவனத்தில் நின்று இதைச் செய்தால்கூடக் கொஞ்சம் மதிக்கலாம். தனுஷ்கோடியில் செய்கிறார்கள்! எதிர்க்கரையில் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அரிச்சல்முனையில் போய் நின்றால் கைபேசிக்கே குழப்பம் வந்து, இலங்கைக்கு நல்வரவு என்று செய்தி அனுப்பிவிடும். இலங்கை வானொலி அறிவிப்பாளர்களான கே.எஸ்.ராஜாவின் குரலையும் பி.எச்.அப்துல் ஹமீதின் குரலையும் வீட்டுக்கு வந்துபோகும் சொந்தக்காரர் குரலைப் போல அடையாளம் கண்ட கரை இது. இன்றைக்கும் சக்தி எப்.எம்.மைச் சாதாரணப் பெட்டியிலேயே இங்கே கேட்கலாம். உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இரண்டு நாட்டுத் தமிழ் ஒலிபரப்பும் வந்து முட்டும் ஓர் இடத்தில் நின்றுகொண்டு, பெட்டிக்குள் தமிழ் கேட்கிறது என்று அதிசயப்படுகிறார்கள்.

ஆனால் இந்த விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. ஒலி எங்கிருந்து வந்தது என்று காட்டிவிட்டால் வாதம் முடிந்துவிட்டதாக நம்பாதவர்கள் நினைத்துக்கொள்கிறோம். எதிராளி உடனே, "அந்த அலையைப் பயன்படுத்தித்தான் ஆவி பேசுகிறது" என்று ஒரு படி ஏறி நின்றுகொள்வார். ஏறட்டும். அது ரயிலில் போனவரின் குரலேதான் என்று வைத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது இன்று வரை தீராத கணக்கு. ஊழியர்களைச் சேர்த்து 115 என்பார்கள். சீட்டு வாங்காமல் ஏறியவர்களையும் கூட்டினால் 200ஐ நெருங்கும் என்பார்கள். அவர்களில் ஒருவருக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு வாய் திறக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. அவர் என்ன சொல்வார்? தன் பெயரைச் சொல்வார். அப்பன் பெயரைச் சொல்வார். ஊரைச் சொல்வார். பக்கத்துப் பலகையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பார். அந்த ஒரு வரியில் அரை நூற்றாண்டாகக் கிடக்கும் பட்டியலில் ஒரு பெயர் கூடியிருக்கும், எங்கோ ஒரு குடும்பம் தேடுவதை நிறுத்தியிருக்கும். அவரோ "தண்ணி" என்கிறார். தண்ணீரில் போனார்கள் என்று நமக்குத்தான் முன்பே தெரியுமே. கம்பிப்பாட்டிலும் தனுஷ்கோடியிலும் கீற்றுக் கொட்டகை போட்டு இன்னும் குடியிருக்கும் மீனவர்கள் ஒவ்வோர் இரவும் அங்கேதான் படுத்துறங்குகிறார்கள். பேச வேண்டுமென்றால் அவர்களிடம் பேசியிருக்கலாம்.

கோடாங்கி வீட்டில்

இந்தக் கேள்வியை நானாக யோசித்துக் கண்டுபிடித்ததாகப் பெருமை பேச முடியாது. பாம்பனில் என் பக்கத்து வீட்டு அக்கா ஒருவரிடமிருந்து கற்றுக்கொண்டது அது. அவருடைய வீட்டுக்காரர் நாட்டுப்படகில் பாடு போனவர். சில ஆண்டுகளுக்கு முன்பு, வாடைக்காற்று தொடங்கியிருந்த நாளில் படகு கவிழ்ந்தது. உடன் போனவரை மண்டபத்துப் படகொன்று தூக்கிவிட்டது. இவர் கிடைக்கவில்லை. கடலோரக் காவல் படை தேடியது, ஊர்ப் படகுகள் தேடின, பிறகு தேடுவது நின்றது. உடல் கிடைக்காத சாவு எப்படிப்பட்டது என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கோவிலில் பூசை வைத்தார்கள். கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் மெழுகுத்திரியோடு போகும்போது, எந்தக் குழிமேட்டில் கொளுத்துவது என்று தெரியாமல் அவர் பெரிய சிலுவையடியில் வைத்துவிட்டு வருவார்.

துயரத்தோடு துயரமாக இன்னொரு தொல்லையும் இருந்தது. என்ஜின் வேலைக்கும் புது வலைக்கும் பணம் போதாமல், கடலுக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அக்காவின் ஐந்து பவுன் சங்கிலியை அவர் எங்கோ அடகு வைத்திருந்தார். எந்தக் கடை என்று கேட்டதற்கு, "மீட்டுக் கொண்டாந்து கழுத்துல போடும்போது தெரிஞ்சுக்க" என்றிருக்கிறார். அடகுச் சீட்டு வீட்டில் எங்கும் இல்லை. பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாரென்றால் அவரோடு போயிருக்கும். பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம், ராமநாதபுரம் என்று வட்டிக் கடைகளும் நகைக்கடன் நிறுவனங்களும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக் கேட்டால், "சீட்டு இல்லாம எப்படிம்மா பாக்கறது?" என்பார்கள். ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிற எனக்கு அவர்கள் சொல்வதிலுள்ள நியாயமும் புரிந்தது.

நாத்தனார் ஒருவர்தான் கோடாங்கி யோசனையைச் சொன்னார். முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். செத்தவரையே வரவழைத்துப் பேசவைப்பவராம். அக்கா தயங்கினார். பங்குச் சாமியார் காதுக்குப் போனால் திட்டு விழும். கடைசியில், "போய்த்தான் பார்ப்போமே" என்று கிளம்பினார். என்னுடைய பழைய காரில் நான்தான் அழைத்துப் போனேன். நம்பிக்கையில்லாதவன் கூட வந்தால் சாமி இறங்காது என்று நாத்தனார் முணுமுணுத்தபடியே வந்தார். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் மண்டிய சாலை முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட திண்ணை. நடுவில் ஊன்றிய சூலாயுதத்தில் எலுமிச்சம்பழம் செருகியிருந்தது. அதன் காலடியில் சார்ஜரில் கிடந்த கைபேசி சத்தமில்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. வெற்றிலையில் வைத்த 101 ரூபாயைத் தவிர அவர் எதையும் கேட்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். அவரைப் பித்தலாட்டக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உடுக்கையை அடித்து, கொட்டாவி மேல் கொட்டாவி விட்டு, தோள் குலுங்க உட்கார்ந்திருந்த அந்த மனிதர் தன்மீது ஏதோ இறங்குவதாகத் தாமே நம்பினார் என்றுதான் தோன்றியது.

"நீருல போன உசுரு… நெஞ்சு அடைக்குது" என்று தொடங்கினார். நாத்தனாருக்கு அழுகை பொங்கிவிட்டது. இரண்டு நாள் முன்பே வந்து நாள் குறித்துப் போனவர் அவர்தான். நீரில் போனதை அன்று அவரே சொல்லியிருப்பார். "பிள்ளைகளைப் பாத்துக்க… நான் நல்லா இருக்கேன்… கவலப்படாத கண்ணு" என்று குரல் தழுதழுத்தது. அக்கா முகத்தில் ஓர் அசைவும் இல்லை. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுப்படியில் நின்று கேட்கிற குரலில் கேட்டார்: "சங்கிலிய எந்தக் கடையில வச்சீங்க?"

உடுக்கை ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது. கிழக்குப் பார்த்த கடை என்றது குரல். அக்கா அசையவில்லை. பெண் தெய்வத்தின் பெயர் கொண்ட கடை என்றது. ராமநாதபுரம் அரண்மனைத் தெருவை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். லட்சுமி, மீனாட்சி, பத்திரகாளி என்று பெண் தெய்வத்தின் பெயர் இல்லாத கடையைத்தான் தேட வேண்டியிருக்கும். "பேரைச் சொல்லுங்க. சீட்டு எங்க இருக்கு? எவ்வளவுக்கு வச்சீங்க? அதையாவது சொல்லுங்க" என்றார் அக்கா. கோடாங்கியின் தலை வேகமாகச் சுழன்றது. "பொன்னு பொருளப் பத்தி இப்பக் கேக்காத ஆத்தா… ஆத்மா கொதிக்குது!"

அக்கா எழுந்துவிட்டார். நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. காரில் ஏறிய பிறகு, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "உசுரோட இருந்தப்பவும் நகையப் பத்திக் கேட்டா கொதிக்கத்தான் செய்வாரு. ஆனா பதிலச் சொல்லிட்டுக் கொதிப்பாரு." பெருங்குளம் தாண்டும் வரை மூவரும் பேசவில்லை. பிறகு அவரே தொடர்ந்தார். "ஏன் தம்பி, நான் நல்லா இருக்கேன், கவலப்படாதன்னு சொல்றதுக்கு அங்கருந்து வரணுமா? இதத்தான துட்டி கேக்க வந்த சனமெல்லாம் சொல்லிட்டுப் போச்சு."

ஆவிகளைப் பற்றி நான் வாசித்திருந்த பகுத்தறிவுப் பிரசுரங்கள் எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இரண்டு வாக்கியங்கள் என் மனத்தில் உட்கார்ந்துகொண்டன. குரல் எப்படி வந்தது, உடல் ஏன் குலுங்கியது என்றெல்லாம் நான் கவனித்துக்கொண்டிருந்தபோது, அவர் சேதியை மட்டும் கவனித்திருக்கிறார். புதிதாக ஏதாவது வந்ததா? இறந்தவருக்குத் தெரிந்து, இருப்பவர் யாருக்கும் தெரியாத ஒன்று வந்ததா? வரவில்லையென்றால் பேசியது யாராக இருந்தால் என்ன?

உறைக்குள் இருந்த சொல்

இதே உரைகல்லை ஆவி நம்பிக்கையாளர்களே தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட வரலாறு உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆவிகளை முறையாக ஆராய்வதற்கென்று 1882இல் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் முக்கியத் தூண்களில் ஒருவர் ஃபிரடெரிக் மையர்ஸ். தாம் இறந்த பிறகு அங்கிருந்து சொல்லப்போகும் சேதியை எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, 1891இல் ஆலிவர் லாட்ஜ் என்ற நண்பரிடம் கொடுத்துவைத்தார். லாட்ஜ் சாதாரண ஆளில்லை. வானொலி அலைகளை ஆராய்ந்த முன்னோடி இயற்பியலாளர். 1901இல் மையர்ஸ் இறந்தார். அவருடைய ஆவி தம் கையைப் பிடித்து எழுதவைப்பதாகச் சொன்ன ஓர் அம்மையார், உறைக்குள் இருப்பது இன்னதென்று எழுதிக் கொடுத்தார். 1904 டிசம்பரில் சங்கத்தார் கூடி உறையைப் பிரித்தார்கள். உள்ளே இருந்ததற்கும் அந்த அம்மையார் எழுதியதற்கும் சம்பந்தமே இல்லை. உயிரோடு இருந்தபோது அவ்வளவு அக்கறையாகத் திட்டமிட்ட மனிதர், செத்த பிறகு தாம் எழுதிவைத்ததையே மறந்துவிட்டார் என்றால், அங்கே என்னதான் மிஞ்சுகிறது?

ராபர்ட் தவுலெஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதை இன்னும் இறுக்கமாகச் செய்தார். உறையை யாராவது திருட்டுத்தனமாகப் பிரித்துவிடலாமல்லவா? அதனால் 1940களில் சில வரிகளைச் சங்கேத எழுத்தில் எழுதி வெளிப்படையாகவே அச்சிட்டுவிட்டார். அதைத் திறக்கும் சாவிச் சொல்லை மட்டும் தம் தலைக்குள் வைத்துக்கொண்டார். செத்த பிறகு அந்தச் சொல்லைச் சொல்லி அனுப்புவதாக ஏற்பாடு. 1984இல் இறந்தார். ஆவியோடு பேசுகிறவர்களிடமிருந்து சொற்கள் வந்தன. ஒன்றும் பூட்டைத் திறக்கவில்லை. கடைசியில் 1990களில் கணினியைக் கொண்டு ஒன்றை உடைத்தார்கள். இறந்தவர் சொல்ல வேண்டியதை இயந்திரம் சொன்னது.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. திருவல்லாவில் 1898இல் பிறந்து, இலங்கைக்குப் போய், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர். அற்புத சக்தி உண்டென்று நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அவர் அறிவித்தார். செய்து காட்ட வேண்டியவற்றின் பட்டியலில் முதலில் இருந்தது என்ன தெரியுமா? மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்வது. கனன்ற நெருப்பில் நிற்பது, கேட்ட பொருளைக் காற்றிலிருந்து வரவழைப்பது போன்ற வேடிக்கைகளுக்கு முன்னால் அதை வைத்தார். ஞானதிருஷ்டி உள்ளவருக்கு அது ஒரு வேலையா? 1978இல் கோவூர் இறக்கும் வரை அந்தப் பணத்தை ஒருவரும் வாங்கவில்லை. பாம்பன் அக்கா கோவூரைப் பற்றிக் கேள்விப்பட்டதேயில்லை. ஆனாலும் இருவரும் கேட்டது ஒன்றுதான்: உணர்ச்சி வேண்டாம், எண்ணைச் சொல்.

கேட்பது பொய்யில்லை

இங்கே நான் ஒரு தரப்பினரை நோகடிக்க விரும்பவில்லை. இறந்தவரின் குரலைக் கேட்டேன், காலடியைக் கேட்டேன் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றோ, மனம் பிசகிவிட்டார்கள் என்றோ எவராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைச் சந்தித்து விசாரித்து, 1971இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, போனவர் பக்கத்தில் இருப்பதாக உணர்வு, குரல், உருவம் என்று ஏதோவொன்று நேர்ந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. பலருக்கு அது பயமாக இல்லை, துணையாகவே இருந்தது. நெடுநாள் கூடவே இருந்த ஒருவரின் ஓசைகளை மூளை எதிர்பார்த்துப் பழகியிருக்கிறது, ஆள் போனதும் எதிர்பார்ப்பு உடனே போய்விடுவதில்லை. விடியற்காலையில் நெஞ்சில் ஏறி உட்காரும் அமுக்குவான் பேய்க்கும் உடலே காரணம். கனவு காணும்போது தசைகள் செயலற்றுக் கிடப்பது இயல்பு. அந்தப் பிடி விடுவதற்குள் விழிப்பு வந்துவிட்டால் கையை அசைக்க முடியாது, அறைக்குள் யாரோ நிற்பது போலவும் இருக்கும்.

அக்காவுக்கும் கேட்கிறது. கோடாங்கி வீட்டிலிருந்து எழுந்து வந்த அதே அக்காவுக்குத்தான். மூன்று மணி சுமாருக்கு, துறையில் படகுகளைக் கிளப்பும் நேரத்தில், பத்து என்ஜின் ஓசைகளுக்கு நடுவே தம் வீட்டுக்காரருடைய படகின் ஓசை தனியாகக் கேட்கும் என்கிறார். அந்த என்ஜின் தொடங்கும்போது இருமுறை இருமிவிட்டுத்தான் பிடிக்கும். அந்த இருமலோடு கேட்குமாம். எழுந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, பிறகு படுத்துக்கொள்வாராம். "அவரு வந்துட்டாருன்னு நெனக்கிறீங்களாக்கா?" என்று கேட்டேன். "படகு கடலுக்குள்ள கெடக்கு. எங்க வருவாரு?" என்றார். அந்த ஓசையை அவர் மறுக்கவுமில்லை, அதற்கு அர்த்தம் கற்பிக்கவுமில்லை. எனக்குத் தெரிந்த படித்தவர்களில் இந்த நிதானம் உள்ளவர்கள் மிகக் குறைவு. அவர்கள் ஒன்று ஓசையை இல்லை என்பார்கள், அல்லது ஓசையைச் சேதியாக்கிவிடுவார்கள்.

நம்பாதவர்களின் அவசரத்தையும் சொல்லத்தான் வேண்டும். கொள்ளிவாய்ப் பிசாசு என்றதும் "அது மீத்தேன்" என்று ஒரே சொல்லில் மூடிவிடுகிறோம். மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது. அதைப் பற்றவைப்பது இன்ன வாயு என்று சில ஊகங்கள் உண்டே தவிர, சதுப்பு நிலத்தில் தெரிவதாகச் சொல்லும் அந்த வெளிச்சத்தை அப்படியே செய்து காட்டி முடித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. மந்திரம் போல ஒரு வேதிப்பெயரை உச்சரிப்பதும் கோடாங்கி வேலையோடு சேர்த்திதான்.

காகத்தின் வயிறு

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இறந்தவர்களோடு பேசுவதை முழுக்கக் கேலி செய்யவும் முடியாது. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை என்று வந்துவிட்டால் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமிருக்காது. சேதுக்கரையிலும் தேவிபட்டினத்திலும் அதே கூட்டம்தான். எள்ளையும் தண்ணீரையும் விட்டு, மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லி, குளித்து எழுந்து போகிறார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், எவரும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. சொல்ல வேண்டியதை இந்தப் பக்கத்திலிருந்து சொல்லியாயிற்று, அவ்வளவுதான். ஆவிப் பெட்டிக்காரர்களைவிட இவர்கள் எவ்வளவோ மேல்.

வீட்டுக்குப் போன பிறகு காகத்திடம்தான் பதிலை எதிர்பார்க்கிறார்கள். சோற்றுருண்டையைக் காகம் எடுத்தால் முன்னோர் திருப்தி. எடுக்காவிட்டால் ஏதோ குறை. என்ன குறை என்று அப்போது தொடங்கும் விசாரணையில் பாகப்பிரிவினை வரைக்கும் கிளறப்படும். அமாவாசையன்று பத்தரை மணியிலிருந்து தெரு முழுக்க ஒவ்வொரு மதில்மேலும் இலை வைக்கிறார்கள். தெருவுக்கு இருப்பது பத்துப் பன்னிரண்டு காகங்கள். முதலில் வைத்தவன் வீட்டு முன்னோர் உடனே வருவார்கள். ஒரு மணிக்கு வைத்தவன் வீட்டு முன்னோர் கோபித்துக்கொள்வார்கள். அதிலும் மீன் ஏலம் நடக்கிற ஊரில் காகத்துக்கு விடிந்ததுமே வயிறு நிறைந்துவிடும். பருப்புச் சோற்றை அது திரும்பியும் பார்க்காது. என் மாமியார் இதை நான் சொல்லிக் கேட்டு ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் பத்து மணிக்கே இலை வைத்துவிடுகிறார்.

சங்கிலி

சங்கிலி இருக்கும் இடம் கடைசியில் தெரிந்தது. அக்கா வீட்டுக்காரருடைய கைபேசி எண் உண்மையில் அக்காவின் ஆதாரைக் காட்டி வாங்கியது. எண்ணை விட்டுவிட்டால் வங்கிக் கணக்குக்கும் மானியத்துக்கும் தொல்லை என்று நான் வற்புறுத்தியதால், அதே எண்ணுக்கு வேறொரு சிம் வாங்கி மகனுடைய பழைய போனில் போட்டார். கொஞ்ச நாளில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அன்புள்ள வாடிக்கையாளரே என்று தொடங்கி, நகைக்கடன் எண், வட்டி பாக்கி, கட்டத் தவறினால் ஏலம் விடப்படும் என்ற எச்சரிக்கை, கிளையின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. கடை மேற்குப் பார்த்தது. பெயரில் எந்தத் தெய்வமும் இல்லை.

அந்தக் கிளைக்கும் நான் கூடப் போனேன். வட்டியை யார் வேண்டுமானாலும் கட்டலாம். நகையைத் திருப்ப வேண்டுமென்றால் அடகு வைத்தவர் நேரில் வர வேண்டும், அல்லது இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும் என்றார்கள். கடலில் போய்விட்டார், உடல் கிடைக்கவில்லை என்று அக்கா சொன்னார். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்தப் பெண், "அப்ப அவரையே ஒரு தடவ வரச் சொல்லுங்கம்மா" என்றாள். சொன்னது இன்னதென்று அடுத்த நொடியே புரிந்து, முகம் வெளிறி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள்மீது குறையில்லை. உடல் கிடைக்காமல் காணாமற்போனவர் ஏழாண்டு வரை இறந்தவராகக் கொள்ளப்படுவதில்லை என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு கடலில் காணாமற்போனவர்களுடைய குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுக்க அந்த விதியைத் தளர்த்தினார்கள். ஒற்றைப் படகு கவிழ்ந்த கதைகளுக்கு அந்த வேகம் வருவதில்லை. ஆவி உலகத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் இருப்பவராகவும் இல்லாமல் இறந்தவராகவும் இல்லாமல் ஒரு மனிதர் நடுவில் தொங்கிக்கொண்டிருப்பதை வட்டாட்சியர் அலுவலகக் கோப்பில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கதை முழுவதையும் என் தங்கை மகனுக்கு எழுதினேன். அவன் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்திருக்க வேண்டும். "மாமா, அந்த எஸ்எம்எஸ் சரியா அந்த நேரத்துல வந்ததுக்குப் பின்னால அவரு இருந்திருக்கலாம் இல்லையா?" என்று கேட்டான். வட்டி பாக்கி உள்ள எல்லோருக்கும் அந்த நிறுவனம் அன்றைக்கு அதே செய்தியைத்தான் அனுப்பியிருக்கும். இருந்தாலும் அவன் கேட்டதை மறுக்க என்னிடம் ஆதாரம் எதுவுமில்லை. மறுக்கவே முடியாதபடிதான் அது அமைந்திருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று மதிலுக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்காவிடம் அதைச் சொன்னேன். கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அப்ப அந்த வட்டியையும் அவரே கட்டியிருக்கலாமே" என்றார். போன மாதம் மறுபடி வட்டி கட்டினோம். ரசீதின் நகல் ஒன்று அவர் வீட்டு பீரோவில் இருக்கிறது, இன்னொன்றை என் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன்.